படமும் பதிவும்: கதிர்ச் சிகிச்சைக்குப் பின் தோன்றும் என்புப் புற்றுநோய் அறியப்பட்ட வரலாறு

விஞ்ஞானத்தின் வரலாற்றை வெற்றிகளின் வரிசையாக எழுதுவது பாடநூல்களின் வழக்கம். 1895இல் றொண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டார். 1898இல் கியூரி தம்பதியர் றேடியத்தைக் கண்டனர். பின்னர் அவை மருத்துவத்துக்குப் பயன்பட்டன என்று மூன்று வாக்கியங்களில் ஒரு காலகட்டத்தின் கதை முடிந்துவிடுகிறது. மாணவரும் அதனை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிவிடுகின்றனர். ஆனால், அக்கதிர்களின் தீங்கு எவருடைய உடலில் முதலில் வெளிப்பட்டது, அறிந்தோர் அதனை ஏன் மறைத்தனர், மறைத்ததை எவர் வெளிக்கொணர்ந்தனர் என்னும் வினாக்கள் பாடநூலில் இடம்பெறுவதில்லை. இவ்வினாக்களை எழுப்பாத விஞ்ஞான வரலாறு அரைகுறை வரலாறே என்று நாம் கருதுகின்றோம்.

அத்தகைய வரலாறுகளுள் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். புற்றுநோயை அழிக்கும் பொருட்டு உடலிற் பாய்ச்சப்படும் கதிர், பல ஆண்டுகள் கழிந்தபின், தான் பட்ட இடத்து என்பிலே புதியதொரு புற்றுநோயைத் தோற்றுவித்தல் உண்டு. இதனை என்புச் சார்க்கோமா என்பர். இது மிக அரிதானது. கதிர்ச் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவானோருக்கே நேர்வது. எனவே இதனைப் படித்தவுடன் எவரும் கதிர்ச் சிகிச்சைக்கு அஞ்சுதல் வேண்டா. அச்சிகிச்சையால் உயிர் பிழைத்தோரின் தொகையோடு ஒப்பிடுகையில் இத்தீங்கு சிறிது. ஆயினும், அரிதான இந்நோய் எவ்வாறு அறியப்பட்டது, இன்று எவ்வாறு படங்களின் வழியே இனங்காணப்படுகின்றது என்று ஆராயுமிடத்து, மருத்துவத்துக்கும் சமுதாயத்துக்கும் பொதுவான ஓர் உண்மை தெளிவாகின்றது. அவ்வுண்மையை எடுத்துக்காட்டுவதே நமது நோக்கம்.

எக்ஸ்-கதிர் கண்டறியப்பட்ட ஆண்டிலேயே என்பின் படமும் எடுக்கப்பட்டது. 1895 டிசெம்பர் மாதத்தில் றொண்ட்ஜன் தம் மனைவியின் கையைப் படம்பிடித்தார். விரல் என்புகளும் மோதிரமும் அதிலே தெரிந்தன. உலகம் வியந்தது. ஆனால் ஏழாண்டுகள் கழிவதற்குள், 1902இல், ஹம்பேர்க் நகரத்து வைத்தியர் பிறீபன் வேறொரு கையைப் பற்றி அறிவித்தார். எக்ஸ்-கதிர்க் குழாய்கள் செய்யும் தொழிற்சாலையிலே, குழாய் இயங்குகின்றதா என்று தன் கையை நீட்டிக் காட்டிவந்த தொழிலாளி ஒருவனின் கை அது. அதன் தோலிற் புற்றுநோய் தோன்றியிருந்தது. அமெரிக்காவில் எடிசனிடம் வேலைபார்த்த கிளாரன்ஸ் டாலி, கதிரால் நேர்ந்த புண்களும் புற்றுநோயும் முற்றி, கைகளை இழந்து, 1904இல் இறந்தார். கதிரின் முதற் பலியாட்கள் அதனோடு நாளெல்லாம் வேலைசெய்தோரே என்பது கவனிக்கத்தக்கது.

இவை தோலிற் கண்ட தீங்குகள், கண்ணுக்குத் தெரிந்தவை. என்பிலே நேர்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. விரைவில் வெளிப்படுவதும் இல்லை. அக்காலத்தில் மூட்டுக் காசநோய்க்கு எக்ஸ்-கதிர்ச் சிகிச்சை அளிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது. அவ்வாறு கதிர்பட்ட என்புகளிற் பின்னர் சார்க்கோமா தோன்றியமையை 1922இல் ஜேர்மனிய வைத்தியர் பெக் எழுதினார். ஆனால் ஓரிரு நோயாளரைக் கொண்டு பெரியதொரு முடிவுக்கு வரல் அரிது. நோய் தானாகவே தோன்றியிருக்கலாம் என்று சொல்வோரை மறுக்க, அவ்வெழுத்து மட்டும் போதுமானதாக இருக்கவில்லை.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று வைத்தியசாலையிலிருந்து வரவில்லை, தொழிற்சாலையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஒறேஞ்ச் என்னும் நகரில் யுனைற்றட் ஸ்டேற்ஸ் றேடியம் என்ற கம்பனி இயங்கியது. இருளில் ஒளிரும் மணிக்கூட்டு முகங்களுக்கு றேடியங் கலந்த வர்ணந் தீட்டுவது அங்குள்ளோரின் வேலை. வேலை செய்தோர் பெரும்பாலும் இளம் பெண்கள். தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூர்மையாக்குமாறு அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. தீட்டிய முகங்களின் தொகைக்கேற்பவே கூலி கிடைத்தது. ஆதலால் கை விரைந்தது. தூரிகை வாய்க்கும் வர்ணத்துக்கும் இடையே ஓயாது சென்றுவந்தது. ஒவ்வொரு முறையும் சிறிதளவு றேடியம் உடலுட் புகுந்தது.

றேடியம் இரசாயன முறையிற் கல்சியத்தின் இனத்தைச் சேர்ந்த மூலகம். உடல் அதனைக் கல்சியம் என்றே கொண்டு என்பிற் சேர்த்துவைக்கின்றது. அதன் அரைவாழ்வுக்காலமோ ஏறத்தாழ 1600 ஆண்டுகள். என்பினுள் ஒருமுறை குடிபுகுந்த றேடியம், மனிதனின் வாழ்நாள் முழுவதும் அங்கிருந்தே அருகிலுள்ள கலங்களைக் கதிரால் தாக்கிக்கொண்டிருக்கும். பெண்களின் பற்கள் விழுந்தன, தாடை அழுகியது, என்புகள் முறிந்தன. கம்பனி, ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் செசில் டிறிங்கரை 1924இல் அழைத்து ஆராயச் செய்தது. றேடியமே காரணம் என்று அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையை வெளியிடாது, தொழிலாளர் நலமாகவே இருக்கின்றனர் என்று அரசாங்கத் தொழிற்றிணைக்களத்துக்குத் திரித்து அறிவித்தது. 1925இல் அம்மாவட்டத்து மருத்துவ அதிகாரி ஹரிசன் மார்ற்லண்ட், பெண்கள் வெளிவிடும் மூச்சிலேயே கதிர்த்தொழிற்பாடு இருப்பதை அளந்து காட்டினார்.

இப்பெண்களுள் மொலி மாஜியா என்பவர் 1922இல் இறந்திருந்தார். அவரது மரணப் பத்திரத்திற் காரணம் மேகநோய் என எழுதப்பட்டிருந்தது. நோயோடு இழிபெயரும் சேர்த்தே அவர் புதைக்கப்பட்டார். 1927இல் அவரது உடல் தோண்டியெடுக்கப்பட்டது. அவரது என்புகளைப் படத்தகட்டின் அருகே இருளில் வைத்தபோது, எந்த விளக்கும் எந்தக் குழாயும் இன்றி, என்பிலிருந்த றேடியமே தகட்டைக் கருமையாக்கியது. மேகநோய்க்கான அடையாளம் காணப்படவில்லை. இறந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின், என்பு தன் படத்தைத் தானே எடுத்துத் தன் சாட்சியைக் கூறியது எனலாம்.

நியூ ஜேர்சிச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர்தல் வேண்டும். நோயோ வேலையை விட்டுப் பல ஆண்டுகளின் பின்னரே வெளிப்பட்டது. கால எல்லை கடந்துவிட்டது என்பதே கம்பனியின் பெரும் வாதம். கிறேஸ் பிறையர் முதலான ஐந்து பெண்களின் வழக்கு 1928இல் இணக்கத்தில் முடிந்தது. ஒவ்வொருவருக்கும் பத்தாயிரம் டொலரும், ஆண்டுதோறும் 600 டொலரும், வைத்தியச் செலவும் கிடைத்தன. ஆனால் குற்றத்தைக் கம்பனி ஒப்புக்கொள்ளவில்லை. 1929இல் மார்ற்லண்டும் ஹம்பிறீசும் வர்ணந் தீட்டிய பெண்களிடத்தே தோன்றிய என்புச் சார்க்கோமாவைப் பற்றி எழுதினர். கதிருக்கும் என்புப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு இவ்வாறு தொழிலாளப் பெண்களின் உடலில் நிறுவப்பட்டது.

இல்லினோய் மாநிலத்தின் ஒட்டாவா நகரிலிருந்த மற்றொரு றேடியக் கம்பனியின் செயலையும் இவ்விடத்து நினைத்தல் வேண்டும். அங்குள்ள பெண்களைக் கம்பனியே 1925இலும் 1928இலும் பரிசோதிப்பித்தது. பெறுபேறுகளை அப்பெண்களுக்குக் காட்டவில்லை. நஞ்சு ஏறிய அடையாளம் எவரிடத்தும் இல்லை என்று ஊர்ப் பத்திரிகையில் விளம்பரமுஞ் செய்தது. பரிசோதனை உண்டு, பதிவும் உண்டு, ஆனால் அப்பதிவு நோயாளியின் கையில் இல்லை. இடுப்பிற் புற்றுக்கட்டியோடு மரணப்படுக்கையிற் கிடந்த கதறின் டொனஹூ என்னும் பெண், 1938இல் வழக்கில் வென்று, அவ்வாண்டிலேயே இறந்தார்.

தொழிற்சாலையின் செய்தி இவ்வாறு வெளிப்பட்ட பின்னரும் மருத்துவ உலகம் போதிய பாடம் படித்ததாகக் கூறமுடியாது. ஜேர்மனியில் 1940களின் நடுப்பகுதி தொடக்கம், பிள்ளைகளின் என்புக் காசநோய்க்கும் வளர்ந்தோரின் முதுகென்பு வாதத்துக்கும் பெற்றியோஸ்தோர் என்னும் ஊசிமருந்து ஏற்றப்பட்டது. அதிலிருந்தது றேடியத்தின் மற்றோர் இனமான றேடியம்-224. அதன் அரைவாழ்வுக்காலம் மூன்றரை நாட்களுக்குச் சற்றே மேற்பட்டது. ஆதலாற் பயமில்லை என்று கருதினர். அம்மருந்தின் தீங்கை எச்சரித்தவர் ஹைன்ஸ் ஸ்பீஸ் என்னும் இளம் குழந்தை வைத்தியர். அவர் எச்சரித்ததோடு நிற்கவில்லை. ஊசி ஏற்றப்பட்டோரின் பெயர்களைத் திரட்டி, அவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து விசாரித்து வந்தார். 899 பேரைக் கொண்ட அப்பதிவில் 56 பேருக்கு என்புப் புற்றுநோய் கண்டது. சாதாரணமாக அத்தொகையினரிடையே ஒருவருக்கேனும் அந்நோய் வரும் என்று எதிர்பார்த்தற்கில்லை. ஊசிக்குப்பின் எட்டாம் ஆண்டளவில் நோய் மிகுந்து, பின் படிப்படியாகக் குறைந்தது. ஒட்டாவாவிற் பதிவு மறைக்கப்பட்டது. இங்கோ பதிவு பேணப்பட்டது. மருத்துவ அறிவு வளர்ந்தது இரண்டாவது வழியிலேதான்.

வெளியிலிருந்து பாய்ச்சப்படும் கதிரைப் பொறுத்தவரையில், 1948இல் நியூயோர்க் நகரில் கஹான் என்பவரும் அவரோடு வேலைசெய்தோரும் எழுதிய கட்டுரை ஒரு திருப்புமுனை. கதிர்பட்ட என்பிற் சார்க்கோமா தோன்றிய 11 நோயாளரை ஆராய்ந்து, எதனைக் கதிரால் வந்த புற்றுநோய் என்று கொள்ளலாம் என்பதற்கு அவர்கள் நான்கு நிபந்தனைகளை வகுத்தனர். ஒன்று, முன்னிருந்த நோய் இச்சார்க்கோமா அன்று என்பதற்கு நுணுக்குக்காட்டியின் சான்றோ எக்ஸ்-கதிர்ப் படத்தின் சான்றோ வேண்டும். இரண்டு, புதிய நோய் முன்பு கதிர்பட்ட பரப்பினுள்ளேயே தோன்றியிருத்தல் வேண்டும். மூன்று, சிகிச்சைக்கும் நோய்க்கும் இடையே நோயற்ற நீண்ட காலம், அவர்கள் கணக்கில் ஐந்தாண்டு, கழிந்திருத்தல் வேண்டும். நான்கு, புதிய நோய் சார்க்கோமாதான் என்பது இழையத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கி உறுதிசெய்யப்படல் வேண்டும். பின்வந்தோர் கால எல்லையை மூன்று, நான்கு ஆண்டுகளாகக் குறைத்தனர். மற்றவை பெரும்பாலும் அவ்வாறே நிற்கின்றன.

இந்நான்கையும் சற்று ஊன்றி நோக்குதல் தகும். நான்காவது ஒன்றே இன்றைய உடலைப் பற்றியது. முதல் மூன்றும் கடந்த காலத்தைப் பற்றியவை: அன்று என்ன நோய் இருந்தது, கதிர் எங்கே பட்டது, எத்தனை ஆண்டுகள் கழிந்தன. பழைய பதிவு இல்லையாயின் இம்மூன்றுக்கும் விடையில்லை. அதாவது, இந்நோயை அறிதற்கு வைத்தியர் ஒருவகையில் வரலாற்றாசிரியராகவும் இருத்தல் வேண்டும்.

இனி, படங்கள் இதற்கு எவ்வாறு துணைசெய்கின்றன என்று பார்ப்போம். நோயாளி பெரும்பாலும் வலியென்று வருகின்றார். சிலரிடத்து வீக்கமும் இருக்கும். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவராயின் தோள், காறை, விலா ஆகிய என்புகளிலும், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பெற்றவராயின் இடுப்பென்பிலும் வலி தோன்றலாம். முதலில் எடுக்கப்படுவது சாதாரண எக்ஸ்-கதிர்ப் படம். இங்கே ஒரு பெருஞ் சிக்கல் உண்டு. கதிர்பட்ட என்பு, புற்றுநோய் இல்லாதபோதும், இயல்பான என்பைப்போல் இருப்பதில்லை. அதன் இழைகள் தடித்தும் இடையிடையே வெளுத்தும் கலைந்தும் காணப்படும்; வலுவிழந்து சிறு வெடிப்புகளும் தோன்றும்; சில இடங்களில் என்பு இறந்தும் போகும். இவையெல்லாம் புற்றுநோய் போலவே தோற்றந் தரும். பழைய புற்றுநோயே என்புக்குப் பரவியிருக்கவுங் கூடும். ஆகவே தனியொரு படத்தைக் கையிலேந்தி நோக்குபவர் எளிதில் ஏமாறுவார். மூன்று ஆண்டுகளின் முன் எடுத்த படம் அருகில் இருந்தாலோ, மாறாதிருப்பது எது, புதிதாக அழிந்திருப்பது எது, என்பைத் துளைத்து வெளியே தசையுட் சென்ற கட்டி எது என்பது விளங்கும். என்புக்கு வெளியே வளர்ந்த அத்தகைய கட்டியே புற்றுநோயைப் பெரிதும் ஐயுறச் செய்யும் குறி.

1971இல் அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரில் சுப்பிரமணியனும் மக்கபீயும் ரெக்னீசியம்-99எம் என்னும் கதிர்ப்பொருளை என்பிற் படியும் சேர்வையாக ஆக்கினர். அதனை ஊசியால் ஏற்றினால் என்பு புதிதாக உருவாகும் இடங்களில் அது மிகுதியாகச் சேரும். கதிர்பட்ட என்பு காலப்போக்கில் அப்பொருளைக் குறைவாகவே ஏற்கும். எனவே மங்கியிருந்த அப்பரப்பின் நடுவே புதிதாகச் செறிவு தோன்றுமாயின் அது எச்சரிக்கை. ஆயினும் முறிவும் கிருமித்தொற்றும் அவ்வாறே செறிவைக் காட்டுமாதலால், இதனால் மட்டும் முடிவு கூறல் இயலாது.

அதே 1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்பீல்டின் சி.ரி. பொறியால் முதல் நோயாளியின் மூளை படம்பிடிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அது உடல் முழுவதற்கும் பயன்பட்டது. இடுப்பு, முதுகு, தலையோடு போன்ற சிக்கலான இடங்களில் என்பு எவ்வளவு அரிக்கப்பட்டது, கட்டியினுள் என்புப்பொருள் உருவாகியுள்ளதா என்பவற்றை அது குறுக்குவெட்டாகக் காட்டும். 1973இல் லோற்றபர் காட்டிய வழியில் வளர்ந்த எம்.ஆர்.ஐ. படமோ எக்ஸ்-கதிரே இன்றி, காந்தப் புலத்தின் துணையால் என்பு மச்சையையும் தசையையும் பிரித்துக் காட்டுகின்றது.

இவ்வெம்.ஆர்.ஐ. படத்தில் ஓர் அதிசயம் உண்டு. கதிர்பட்ட என்பு மச்சை தன் குருதிக் கலங்களை இழந்து கொழுப்பாக மாறுகின்றது. படத்தில் அப்பகுதி வெளிச்சமாகத் தெரியும். கதிர் பாய்ந்த எல்லை எதுவோ அங்கே அவ்வெளிச்சம், பல வேளைகளில், அளவுகோல் வைத்துக் கீறியது போல் நேர்க்கோட்டில் முடியும். முதுகென்பு வரிசையில் மேலுள்ளவை இயல்பாகவும் கீழுள்ளவை கொழுப்பாகவும் இருத்தலைக் காணலாம். சிகிச்சைப் பதிவேடு தொலைந்துபோன நோயாளியிடத்தும், கதிர் எங்கே பட்டது என்பதை அவரது என்பே எழுதிவைத்திருக்கின்றது. அவ்வெளிச்சமான கொழுப்பின் நடுவே இருண்ட திரளாகக் கட்டி தெரியுமாயின், கஹானின் இரண்டாம் நிபந்தனைக்கு ஓரளவு சான்று கிடைத்துவிடும். ஆனால் என்று, எவ்வளவு, எந்நோய்க்காக என்பவற்றை என்பு எழுதிவைப்பதில்லை. முடிவாக, இழையத் துண்டொன்றை எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்குதல் எந்தப் படத்தாலும் தவிர்க்கப்படாதது.

இவ்வறிவு சிகிச்சையையும் திருத்தியுள்ளது. முற்காலத்துக் குறைந்த வலுவுள்ள எக்ஸ்-கதிர்களை, கல்சியம் மிகுந்த என்பு, சூழவுள்ள தசையைவிடப் பன்மடங்கு உறிஞ்சியது. 1951இல் கனடாவிற் பயன்பாட்டுக்கு வந்த கோபால்ற்-60 கதிரும், பின்வந்த பொறிகளும் அவ்வேற்றுமையைப் பெரிதுங் குறைத்தன. மரபுவழியாக விழித்திரைப் புற்றுநோய் வரும் குழந்தைகள் கதிர்பட்ட இடத்திற் பின்னர் சார்க்கோமா வருவதற்கு மிகுதியும் இலக்காவோர் என்று அறிந்தமையால், 1990கள் தொடக்கம் அவர்களுக்கு இயன்றவரை வெளிக்கதிரைத் தவிர்த்து மருந்துச் சிகிச்சை முன்வைக்கப்படுகின்றது. தீங்கற்ற கட்டிகளுக்குக் கதிர் பாய்ச்சும் பழைய வழக்கம் பெரிதும் அருகிவிட்டது. இத்திருத்தங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும், நோயாளரை மறவாது தொடர்ந்து சென்ற பதிவுகள் இருக்கின்றன.

சிறு பிராயத்திற் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுப் பிழைத்தோர் இன்று முன்னெக்காலத்திலும் அதிகம். அவர்களுக்கு முன்னே நீண்ட ஆயுள் இருக்கின்றது. அதனாலேயே அவர்களது பதிவும் நீண்டகாலம் வாழ்தல் வேண்டும். ஏழு வயதிற் கதிர் பெற்ற ஒருவர் முப்பது வயதிற் தோள் வலிக்கின்றதென்று வேறோர் ஊர் வைத்தியரிடம் செல்லும்போது, பழைய சிகிச்சையைச் சொல்ல அவருக்குத் தெரியாதாயின், அவ்வலி வெறும் தசைப்பிடிப்பென்றே கருதப்படலாம், மாதங்கள் வீணாகலாம். இந்நோயிற் சிறிதாக இருக்கும்போதே கட்டியை முழுவதும் அகற்றுதல் முதன்மையான சிகிச்சையாதலால், வீணாகும் மாதங்கள் உயிரின் பெறுமதியுடையவை.

நம் நாட்டில் இவ்வாபத்து இன்னுஞ் சற்று அதிகம் என்று கூறல் மிகையாகாது. அரசாங்க வைத்தியசாலைகளில் நோயாளியின் நீண்டகால வரலாற்றைச் சுமந்து திரிவது பெரும்பாலும் அவரது கையிலுள்ள கிளினிக் கொப்பியே. 1983 தொடக்கம் 2009 வரை நீடித்த போரிற் பலமுறை இடம்பெயர்ந்த குடும்பங்கள், பிறப்புப் பத்திரத்தையும் காணி உறுதியையும் இழந்தவாறே இக்கொப்பிகளையும் படங்களையும் இழந்தன. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளிக்கும், வேலை தேடி வெளிநாடு செல்லும் பெண்ணுக்கும் ஓரிடத்து வைத்தியர் ஒருவரையே வாழ்நாளெல்லாம் நாடும் வசதி வாய்ப்பதில்லை.

ஆகவே நாம் கேட்பது பெரிய பொறிகளை மட்டும் அன்று. பொறிகள் வேண்டும், அவை தலைநகரை அடுத்துள்ளோர்க்கு மட்டுமன்றி எல்லா மாகாணங்களுக்கும் வேண்டும். ஆனால் அவற்றுக்கு முன்னதாகவே, அதிகச் செலவின்றிச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. கதிர்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும், உடலின் எந்தப் பகுதியில், எவ்வளவு கதிர், எந்த ஆண்டில், எந்நோய்க்காக அளிக்கப்பட்டது என்பதை அவர் வாசிக்கும் மொழியில் எழுதிய ஒரு தாள் கொடுக்கப்படல் வேண்டும். அதன் பிரதி வைத்தியசாலையில் நிலையாகப் பேணப்படல் வேண்டும். அவ்விடத்திற் புதிதாக வலியோ வீக்கமோ தோன்றி நீங்காதிருப்பின், எத்தனை ஆண்டுகள் கழிந்திருப்பினும், வைத்தியரிடம் அத்தாளைக் காட்டிப் படம் எடுத்துப் பார்க்கக் கேட்குமாறு அறிவுறுத்தல் வேண்டும்.

நம்மைப் போன்ற ஆசிரியர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. கியூரி அம்மையாரின் பெயரை வகுப்பிற் கூறும் நாளில், ஒறேஞ்ச் நகரத்துப் பெண்களின் பெயரையும் ஹைன்ஸ் ஸ்பீஸின் பெயரையும் சேர்த்துக் கூறுவோம். வீட்டில் எவரேனும் கதிர்ச் சிகிச்சை பெற்றிருப்பின், அவரது கொப்பியும் பழைய படமும் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பத்திரப்படுத்துமாறு மாணவரிடஞ் சொல்வோம். ஒட்டாவாப் பெண்களுக்கு அவர்களது பரிசோதனையின் பெறுபேறு மறுக்கப்பட்டது. நம் மக்களுக்கு அது மறுக்கப்படாதிருத்தலும், மறதியால் தொலையாதிருத்தலும் நம் கையில் உள்ளன.